லிஸ் ஹார்ட்டெல்: ஊன்றுகோலை வைத்துவிட்டுச் சேணத்தில் ஏறியவர்

2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆம் திகதி டென்மார்க்கில் ஒரு மூதாட்டி காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 87. அந்த நாட்களில் வன்னியில் இறுதிப் போர் நடந்துகொண்டிருந்தது. எமது செய்தி மேசையில் குவிந்தவை வேறு மரணங்கள். எங்கோ வடக்கு ஐரோப்பாவில், குதிரையேற்ற வீராங்கனை ஒருவர் முதுமையில் இறந்த செய்திக்குத் தமிழ்ப் பத்திரிகையில் நான்கு வரி ஒதுக்கவும் எவருக்கும் மனம் வந்திராது. எனக்கும் வரவில்லை. அதன்பின் கால் இழந்தோரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரும் எமது ஊர்களில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கிய காலத்திற்றான் அந்தப் பெயர் மீண்டும் நினைவுக்கு வந்தது. லிஸ் ஹார்ட்டெல். அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

குதிரை என்றதும் எம்மவருக்கு நெடுந்தீவில் கட்டுக்கடங்காது திரியும் குதிரைகளும், நுவரெலியாப் பந்தயத் திடலுமே நினைவில் எழும். லிஸ் ஹார்ட்டெல் ஈடுபட்ட துறை இவை இரண்டிற்கும் வெகு தொலைவிலுள்ளது. டிரெஸாஜ் என்று அதற்குப் பெயர். அங்கே வேகமில்லை, தடை தாண்டல் இல்லை. 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட மணற்பரப்பில், வகுக்கப்பட்ட ஒழுங்கின்படி குதிரை நடக்கும், ஓடும், நிற்கும், பக்கவாட்டில் நகரும், முன்னேறாது நின்ற இடத்திலேயே தாளம் பிசகாமல் காலெடுத்து வைக்கும். இவை அனைத்திற்குமான கட்டளைகள் குதிரையின் மீதிருப்பவரிடமிருந்து செல்கின்றன. ஆனால் பார்ப்போர் கண்ணுக்கு அக்கட்டளைகள் தெரியக்கூடாது. குரல் கொடுத்தால் புள்ளி குறையும். சவுக்கு அனுமதியில்லை. கடிவாளம் பிடித்த விரல்கள், உடலின் பாரம், இடுப்பின் அசைவு, எல்லாவற்றிற்கும் மேலாகக் குதிரையின் விலாவில் படும் முழங்காலுக்குக் கீழான கால்கள் ஆகியவையே குதிரையுடன் பேசும் மொழி. அந்த மொழியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் கீழ்க்கால்களுக்குரியவை என்று சொன்னாலும் பிழையாகாது.

அந்தக் கீழ்க்கால்களைத்தான் லிஸ் இழந்தார்.

1921ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி கோப்பன்ஹேகனை அடுத்த ஹெல்லெரூப்பில் பிறந்தவர் லிஸ் ஹோல்ஸ்ற். சிறு வயது முதலே குதிரைகளுடன் வளர்ந்தவர். 1941இல் பின் ஹார்ட்டெல் என்பவரை மணந்துகொண்டார். 1943இலும் 1944இலும் டென்மார்க்கின் டிரெஸாஜ் சம்பியன் பட்டத்தை வென்றார். நாடு அப்பொழுது ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பட்டங்களையும் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவரைப் பற்றி எழுதியோரிற் பலர், இளம்பிள்ளைவாதத்தினால் முடங்கிய பெண்ணொருத்தி குதிரையேறி அற்புதம் நிகழ்த்தினாள் என்றே கதையைத் தொடங்குகின்றனர். பத்திரிகைத் தலைப்புக்கு அது வசதியானது. உண்மையின் ஒழுங்கு வேறு. நாட்டின் தலைசிறந்த குதிரையேற்றக்காரராக ஏற்கனவே நிறுவப்பட்டிருந்த ஒருவருக்கே நோய் வந்தது. அவர் நோயிலிருந்து புதிதாக எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. தமக்கிருந்ததில் ஒரு பகுதியை நோய் பறித்துக்கொண்டபின், எஞ்சியதை வைத்து அதே வேலையைச் செய்யும் வழியைத் தேடினார்.

1944 செப்டெம்பரில் அந்த நோய் வந்தது. அவருக்கு வயது 23. இரண்டாவது குழந்தையைக் கருவிற் சுமந்திருந்தார். போலியோக் கிருமி முள்ளந்தண்டு வடத்தின் முன்பகுதியிலுள்ள இயக்க நரம்புக் கலங்களைத் தாக்குகின்றது. இறந்த கலங்கள் மீள்வதில்லை. தப்பிய கலங்கள் சில, அநாதரவான தசைநார்களுக்குப் புதிய கிளைகளை விட்டு, ஓரளவு வேலையைப் பொறுப்பேற்கும். நோயாளி மீண்டெழுவது என்பது பெரும்பாலும் இந்த மாற்று ஏற்பாட்டின் விளைவே. உடல் முழுவதும் செயலிழந்து கிடந்த லிஸ் முதலிற் கைகளை அசைக்கவும், பின்னர் தவழவும், அதன்பின் ஊன்றுகோல்களுடன் நடக்கவும் பழகினார். குழந்தை நலமே பிறந்தது. தொடைகளிற் சற்று வலு திரும்பியது. கைகளிலும் பாதிப்பின் சுவடு எஞ்சியது. முழங்கால்களுக்குக் கீழே இயக்கம் மட்டும் திரும்பி வரவேயில்லை.

மீண்டும் சேணத்தில் அமர்ந்தபோது அவருக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. கீழ்க்கால்களின் பிடிப்பின்றிச் சமநிலை தவறாமல் அமர்ந்திருக்கப் பழகுவது ஒன்று. கீழ்க்கால்கள் சொல்லிவந்த கட்டளைகளை வேறு வழியாற் சொல்லவும், அதனை விளங்கிக்கொள்ளக் குதிரையைப் பழக்கவும் வேண்டியிருந்தது மற்றையது. இரண்டாவதே கடினமானது. இருப்பெலும்பின் அழுத்தம், முதுகின் நிமிர்வு, பாரத்தைச் சற்றே இடமோ வலமோ மாற்றுதல், இவற்றோடு கடிவாளத்தின் மெல்லிய தொடுகை. இவ்வளவுதான் அவரிடம் எஞ்சியிருந்த சொற்கள். இந்தச் சொற்களை ஜூபிலி என்ற பெண்குதிரை கற்றுக்கொண்டது. பயிற்சியாளர் குன்னர் அன்டர்சன் துணை நின்றார். ஏறவும் இறங்கவும் லிஸ்ஸுக்கு மற்றவர் கை வேண்டியிருந்தது. ஏறி அமர்ந்தபின் எவர் உதவியும் தேவைப்படவில்லை.

நோயுற்று மூன்று ஆண்டுகள் கடந்து, 1947இல், ஸ்கன்டினேவிய டிரெஸாஜ் சம்பியன் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு லண்டனில் ஒலிம்பிக். அங்கே அவர் செல்லவில்லை. உடல்நிலை ஒருபுறமிருக்க, முழு ஆரோக்கியத்துடன் இருந்திருந்தாலும் சென்றிருக்க முடியாது. பெண்களுக்கு அங்கே இடமில்லை.

இவ்விடத்தில் சற்றே விலகிச் சென்று, அக்காலத்து விதிகளைப் பார்ப்பது பயன் தரும். 1912இல் ஸ்டொக்ஹோமில் ஒலிம்பிக் டிரெஸாஜ் தொடங்கியதிலிருந்து அது குதிரைப்படை அதிகாரிகளின் உலகமாகவே இருந்தது. இராணுவத்திலிருந்து வருவோர் ஆணை பெற்ற அதிகாரிகளாக இருத்தல் வேண்டும். சார்ஜன்ற் தரத்தினர் குதிரைகளைப் பழக்கிச் சம்பளம் பெறுவோர், ஆகவே தொழில்முறையாளர் என்று கருதப்பட்டு விலக்கப்பட்டனர். 1948 லண்டன் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. எமது டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்று இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்ததும் அதே போட்டிகளில்தான். சுவீடன் அணியில் இருந்தவர்களுள் ஒருவர் கெஹ்னால் பெர்சன். உண்மையில் அவர் ஆணை பெற்ற அதிகாரி அல்லர். போட்டியை முன்னிட்டு அவருக்குப் பதவி உயர்வு வழங்கி அனுப்பினர். போட்டி முடிந்ததும் பழைய தரத்திற்கே இறக்கிவிட்டனர். விடயம் வெளியே வந்தது. 1949இல் சுவீடன் அணியின் பதக்கம் பறிக்கப்பட்டு, தங்கம் பிரான்ஸுக்குச் சென்றது.

சாதாரணப் படைவீரன் ஒருவன் அதிகாரியைவிட நன்றாகக் குதிரை செலுத்தினான் என்பதற்காக ஒரு பதக்கம் பறிக்கப்பட்ட இந்தக் கேலிக்கூத்தே, அந்த விதியின் ஆயுளையும் முடித்துவைத்தது எனலாம். 1952 ஹெல்சிங்கிப் போட்டிக்கு முன்னர் கதவு திறக்கப்பட்டது. படைத்தர வேறுபாடு நீக்கப்பட்டது. டிரெஸாஜில் பெண்களும் ஆண்களுடன் சமமாகப் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். பெர்சன் மீண்டும் வந்து அணித் தங்கம் வென்றார். இம்முறை பதவி உயர்வு தேவைப்படவில்லை.

பெண்கள் நால்வர் களமிறங்கினர். அவர்களுள் ஜேர்மனியின் ஈடா வொன் நாகெல் தம் அணியுடன் வெண்கலம் பெற்றார். தனிநபர் போட்டி ஜூலை மாத இறுதியில் நடந்தது. சுவீடன் படையதிகாரி ஹென்றி சென் சீர் 561 புள்ளிகளுடன் முதலிடத்தைப் பிடித்தார். இரண்டாவதாக லிஸ் ஹார்ட்டெல், 541.5. மூன்றாவதாகப் பிரான்ஸின் அன்ட்ரே ஜூஸோம், 541. அரைப் புள்ளி வித்தியாசம். ஜூஸோம் அப்பொழுது 58 வயதினர், 1932 லொஸ் ஏஞ்சலிஸ் காலத்திலிருந்தே ஒலிம்பிக் பதக்கங்களைக் கண்டவர். அத்தகையவரை, முதன்முறை ஒலிம்பிக்கிற்கு வந்த 31 வயதுப் பெண், முழங்காலுக்குக் கீழே இயக்கமற்ற கால்களுடன், அரைப் புள்ளியால் முந்தினார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் பெற்ற முதற் பெண் அவரே.

பரிசளிப்பின்போது வெற்றி மேடையில் ஏறுவது அவருக்கு இயலாத காரியம். தங்கம் வென்ற சென் சீர் அவரைத் தாங்கி மேடையேற்றினார். அந்தக் காட்சியே உலகெங்கும் பேசப்பட்டது. நெகிழ வைக்கும் காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காட்சியின் ஒளியில் அரைப் புள்ளிக் கணக்கு மறைந்துவிட்டது என்பது என் குறை. மேடையில் அவர் தாங்கப்பட்டார். மணற்பரப்பில் அவரை எவரும் தாங்கவில்லை. நடுவர்களுக்கு முன்னால் இருந்தது அனைவருக்கும் பொதுவான ஒரே சோதனை.

அதே நாட்களில் அவரது சொந்த நகரில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1952 ஜூலை இறுதியில் கோப்பன்ஹேகனில் கடுமையான போலியோக் கொள்ளைநோய் வெடித்தது. டிசம்பர் தொடக்கம் வரை பிளெக்டம் மருத்துவமனையில் 2,722 போலியோ நோயாளர் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் 316 பேருக்குச் சுவாசம் முடங்கியது. இருந்த சுவாச இயந்திரங்களோ மிகச் சில. ஓகஸ்ட் இறுதியில், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டி உயிர் காத்தார். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் மாறி மாறி, இரவு பகலாக, நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து பையை அமுக்கினர். இன்று எமது மருத்துவமனைகளில் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வரலாறு அந்த மண்டபங்களிலிருந்தே தொடங்குகின்றது.

ஹெல்சிங்கியிலிருந்து வெள்ளிப் பதக்கத்துடன் லிஸ் திரும்பி வந்தது அத்தகைய ஒரு நகருக்கு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் பிள்ளை எழுந்து நடக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில், போலியோவைக் கடந்துவந்த ஒருவரின் பெயர் பத்திரிகைகளில் இருந்தது. அந்தப் பெற்றோருக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை. லிஸ் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜூபிலியுடன் செயல்விளக்கம் நடத்தி, போலியோ நோயாளருக்காக நிதி திரட்டினார். இலங்கையில் 1962இல் போலியோ பெருமளவிற் பரவியது. அதே ஆண்டில் சொட்டு மருந்து இங்கே அறிமுகமாயிற்று. கடைசி நோயாளி அடையாளங் காணப்பட்டது 1993இல். என் வயதினருக்கு, காலிற் கம்பி மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த சகமாணவர் ஒருவரேனும் நினைவிலிருப்பார்.

1956 ஒலிம்பிக் மெல்பேணில் நடைபெற்றது. குதிரைகளை நீண்ட காலம் தனிமைப்படுத்தி வைக்க வேண்டும் என்ற அவுஸ்திரேலியச் சட்டத்தினால் குதிரையேற்றம் மட்டும் ஜூன் மாதத்தில் ஸ்டொக்ஹோமில் நிகழ்ந்தது. லிஸ் மீண்டும் ஜூபிலியுடன் வந்தார். மீண்டும் சென் சீர் முதலிடம், 860. மீண்டும் லிஸ் இரண்டாமிடம், 850. மூன்றாவதாக ஜேர்மனியின் லீஸெலொட் லின்ஸன்ஹோப், 832. இந்தப் போட்டியின் தீர்ப்பு வழங்கிய விதம் பெரும் சர்ச்சைக்குள்ளானது. ஜேர்மனிய நடுவரும் சுவீடன் நடுவரும் தத்தம் நாட்டவரையே முதல் மூன்று இடங்களுக்கும் நிறுத்திப் புள்ளியிட்டிருந்தனர். பின்னர் அவர்கள் இடைநிறுத்தப்பட்டனர். டென்மார்க்கிற்கென அவ்வாறு கணக்குப் போட எவருமில்லாத நிலையிலும் லிஸ் இரண்டாவதாக வந்தார். அவருக்குத் தங்கம் கிடைத்திருக்குமா என்ற வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. சென் சீர் மிகச் சிறந்த குதிரை வீரர், நல்ல மனிதரும்கூட.

அதே ஸ்டொக்ஹோமில் ஜேர்மனியின் டிரெஸாஜ் அணி மூன்று பெண்களை மட்டுமே கொண்டிருந்தது. அவ்வணி வெள்ளி வென்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் வாசலில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் இவர்கள். 1972 மியூனிக்கில், லிஸ்ஸுக்கு அடுத்ததாக நின்ற அதே லின்ஸன்ஹோப், தனிநபர் தங்கம் வென்ற முதற் பெண்ணானார். 2024 பாரிஸில் டிரெஸாஜ் தனிநபர்ப் பதக்கங்கள் மூன்றையும் பெற்றவர்கள் பெண்களே.

போட்டிகளைவிட ஆழமான தடம் என்று நான் கருதுவது அவரது கற்பித்தலை. டென்மார்க்கின் சம்பியன் பட்டத்தை 1959இலும் வென்றவர், பின்னர் பயிற்றுநராகத் தொடர்ந்தார். தம் உடலில் தாமே கண்டறிந்ததை மற்றவர்க்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அவரிடம் வலுவாக இருந்தது. இயன்மருத்துவருடன் இணைந்து, நோயுற்றோருக்கும் வலுவிழந்தோருக்கும் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகப் பழக்கும் பணியில் ஈடுபட்டார். நோர்வேயில் இயன்மருத்துவர் எல்ஸபெத் பொட்கர் 1950களிலேயே பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றத் தொடங்கினார். பிரித்தானியாவில் இதற்கான தேசியச் சங்கம் 1969இல் உருவானது. அதே ஆண்டில் வட அமெரிக்காவிலும் ஒரு சங்கம் தோன்றியது. நெதர்லாந்தில் இப்பணிக்கான நிறுவனம் ஒன்று லிஸ் ஹார்ட்டெலின் பெயரையே தாங்கியது.

குதிரை எவ்வாறு மருந்தாகின்றது என்று சிலர் கேட்கலாம். நடக்கும் குதிரையின் முதுகு மேலுங் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைகின்றது. அதன்மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பும் அவ்வாறே அசைந்தாக வேண்டும். மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதமும் இதற்கு மிக அண்மையானது. தானாக நடக்க இயலாத பிள்ளையின் உடல், நிமிடத்திற்குப் பல பத்துத் தடவை, நடையின் அசைவை உணர்கின்றது. விழாமலிருக்க உடற்பகுதித் தசைகள் ஓயாது வேலை செய்கின்றன. இறுகிய தொடைகள் குதிரையின் வெப்பத்தாலும் அமரும் நிலையாலும் சற்றுத் தளர்கின்றன. மூளை முடக்குவாதம் கொண்ட பிள்ளைகளிடம் சமநிலையும் பெருந்தசை இயக்கமும் மேம்படுவதை ஆய்வுகள் பல சுட்டுகின்றன. இது நோயை நீக்குவதில்லை, இழந்த நரம்பைத் திருப்பித் தருவதுமில்லை. அப்படித் தரும் என்று சொல்லிக் காசு கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லிஸ்ஸின் கால்களும் இறுதிவரை மீளவில்லை.

உடலின் பலனை மட்டும் கணக்கிட்டால் இன்னொன்று விடுபட்டுவிடும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை எல்லோரையும் அண்ணாந்தே பார்க்கின்றது. குதிரையின் மேல் அமர்ந்ததும் எல்லோரும் அப்பிள்ளையை அண்ணாந்து பார்க்கின்றனர். அரைத் தொன் எடை கொண்ட ஒரு விலங்கு தன் சொற்படி திரும்புகின்றது, நிற்கின்றது. இதற்கு எந்த அளவுகோலால் புள்ளியிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

1992இல் டென்மார்க் தனது விளையாட்டுப் பெருமக்கள் வரிசையில் லிஸ் ஹார்ட்டெலைச் சேர்த்துக்கொண்டது. 2005இல் அந்நாட்டின் எக்காலத்துக்குமான தலைசிறந்த பத்து விளையாட்டு வீரர்களுள் ஒருவராக அவர் பெயர் குறிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் மறைந்தார்.

அவர் உயிருடனிருந்த காலத்திலேயே, 1996 அத்லாந்தாவிலிருந்து, பரா ஒலிம்பிக்கில் குதிரையேற்றம் தொடர்ந்து இடம்பெறலாயிற்று. அங்கே வீரர்கள் உடற்குறையின் அளவுக்கேற்பத் தரம் பிரிக்கப்படுகின்றனர். காலால் கட்டளை தர இயலாதோர் இரு கைகளிலும் சவுக்கு வைத்திருக்க அனுமதி பெறலாம். தனியாக அமைத்த சேணம் பயன்படுத்தலாம், கடிவாளத்தில் வளையம் பொருத்திக்கொள்ளலாம், அங்கவடியுடன் பாதத்தை இணைத்துக்கொள்ளலாம். எல்லாம் நியாயமானவை, வேண்டியவை. 1952ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஹெல்சிங்கியின் மணற்பரப்பிற்குள் ஜூபிலி காலெடுத்து வைத்தபோது இவற்றில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.